வாரம் இரண்டு நாள்தான் தண்ணீர் என்றால், வீட்டுப் புல்தரையை என்ன செய்வது?

காலிஃபோர்னியாவில் வீடு வாங்கினால் கூடவே ஒரு புல்தரையும் வந்துவிடும். நாம் கேட்டிருக்க மாட்டோம். முன்பக்கம் ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு, மண்ணுக்குள் குழாய், கராஜ் சுவரில் ஒரு கன்ட்ரோலர். மழை ஒழுங்காகப் பெய்த வருடங்களில் அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. விடியற்காலையில் ஸ்பிரிங்ளர் தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்ளும். வறட்சி வந்தால்தான் தண்ணீர் கம்பெனியிடமிருந்து கடிதம் வரும்: வாரம் இரண்டே நாள், பகல் வெயிலில் கூடாது, தெருவில் வழிந்து ஓடினால் அபராதம். உடனே நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சு சூடு பிடிக்கும். புல்லைக் காப்பாற்றுவதா, காய விடுவதா, எடுத்துவிட்டுச் செடி வைப்பதா, பிளாஸ்டிக் புல் விரித்துவிடுவதா?

சான் ஹோசே பக்கம், அதாவது சான்டா கிளாரா பள்ளத்தாக்கில் இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொத்த வீட்டுக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்காதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனி முடிவு எடுங்கள். முன்பக்கப் புல்லில் கால் வைப்பது அதை வெட்ட வருகிறவர் மட்டும்தான் என்றால், அது போகட்டும். பின்பக்கம் பிள்ளைகள் உண்மையிலேயே விளையாடுகிறார்கள் என்றால், அந்த இடம் சின்னதாகி இருக்கட்டும். மரங்களை மட்டும் எந்தத் திட்டத்திலும் விட்டுவிடக் கூடாது.

கட்டுப்பாடு வந்த கதை

2015 ஏப்ரல் 1 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் சியரா நெவாடா மலையில் ஃபிலிப்ஸ் ஸ்டேஷன் என்ற இடத்தில் நின்றபடி, நகரங்களின் தண்ணீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்க உத்தரவிட்டார். சுமார் ஐந்தடிப் பனி கிடக்க வேண்டிய நாளில் அவர் காலடியில் இருந்தது காய்ந்த புல். மாநிலத்தின் பனிச்சேமிப்பு அந்த வருடம் வழக்கத்தில் 5 சதவீதம்தான். குளிர்காலத்தில் மலையில் விழும் பனி உருகி வந்துதான் இங்கே கோடைக்கான தண்ணீரில் பெரும் பங்கைத் தருகிறது. பனி இல்லை என்றால் ஜூலையில் நகரத்துக்குத் தட்டுப்பாடு.

அடுத்த வறட்சி 2020 முதல் 2022 வரை. சான்டா கிளாரா மாவட்டத்துக்கு அப்போது இன்னொரு சோதனையும் சேர்ந்துகொண்டது. மாவட்டத்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான ஆண்டர்சனை, நிலநடுக்கப் பாதுகாப்பை முன்னிட்டு 2020-ல் மத்திய அரசு உத்தரவின்படி காலி செய்திருந்தார்கள். 2021 ஜூனில் மாவட்டத்தின் நீர் வழங்கலைக் கவனிக்கும் வேலி வாட்டர் அமைப்பு அவசரநிலை அறிவித்து, 2019-ல் செலவழித்ததைவிட 15 சதவீதம் குறைக்கச் சொன்னது. 2022-ல் வெளிப்புறப் பாசனம் வாரம் இரண்டு நாள் என்று ஆனது. தெற்கே லாஸ் ஏஞ்சல்ஸ் இன்னும் கறார்: 2022 ஜூன் 1 முதல் நகரத்தில் வாரம் இரண்டு நாள், சாதாரண ஸ்பிரிங்ளர் என்றால் ஒரு வரிசைக்கு எட்டே நிமிடம். அந்த நகரத்தைச் சுற்றியுள்ள சில பகுதிகளுக்கு வாரம் ஒரே நாள்.

2023 தொடக்கத்தில் மழை கொட்டித் தீர்த்தது, கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. ஆனால் எல்லாமே பழைய நிலைக்குத் திரும்பிவிடவில்லை. அதே வருடம் நிறைவேறிய ஏ.பி. 1572 சட்டப்படி, அலுவலக வளாகங்களிலும் கடைத்தெருக்களிலும் எச்.ஓ.ஏ. என்கிற குடியிருப்புச் சங்கங்களின் பொது இடங்களிலும் வெறும் அழகுக்காக இருக்கும் புல்லுக்குக் குடிநீர் பாய்ச்சுவது 2027-லிருந்து படிப்படியாகத் தடையாகிறது. தனி வீட்டுப் புல்லை அந்தச் சட்டம் தொடவில்லை. தொடாததால்தான் முடிவு நம் கையில் இருக்கிறது.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் பாதாம் தோட்டத்தை இழுப்பார். மனிதப் பயன்பாட்டுக்குப் போகும் தண்ணீரில் ஏறக்குறைய 80 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது, என் முன்பக்கப் புல்லா பிரச்சினை என்று கேட்பார். கேள்வி நியாயமானது. ஆனால் உங்கள் நகரத்தின் தேக்கத்தில் கிடக்கிற தண்ணீர் வேறு, மத்தியப் பள்ளத்தாக்கின் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர் வேறு. நகரங்கள் செலவழிக்கும் தண்ணீரில் கிட்டத்தட்ட பாதி வீட்டுக்கு வெளியே மண்ணில்தான் போகிறது. வேலி வாட்டர் கேட்ட 15 சதவீதத்தைக் குளியலறையில் மிச்சம் பிடிப்பதைவிடப் புல்தரையில் பிடிப்பது சுலபம்.

கணக்கு

500 சதுர அடி புல்தரையை எடுத்துக்கொள்வோம். சான் ஹோசே பக்கம் ஜூலை மாதம் மண்ணும் இலையும் சேர்ந்து ஆவியாக விடும் தண்ணீரின் அளவுகோல் சுமார் ஆறரை அங்குலம். இங்கே பெரும்பாலான வீடுகளில் இருப்பது டால் ஃபெஸ்க்யூ என்கிற குளிர்காலப் புல் வகை. அதற்கு இந்த அளவில் 80 சதவீதம் தேவை. ஒரு சதுர அடியில் ஓர் அங்குலம் தண்ணீர் என்பது 0.62 கேலன். ஸ்பிரிங்ளர் தெளிப்பதில் முப்பது சதவீதம் காற்றிலும் நடைபாதையிலும் போய்விடும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் சுமார் 2,300 கேலன், அதாவது 8,700 லிட்டர். சென்னையில் ஒரு முழு லாரித் தண்ணீர். அதுவும் நடுத்தரமான ஒரு முன்பக்கத் துண்டுக்கு மட்டும்.

அதே இடத்தில் பெர்முடா மாதிரி கோடைப் புல் இருந்தால் தேவை 60 சதவீதம், சுமார் 1,700 கேலன். வறட்சி தாங்கும் உள்ளூர்ச் செடிகள் வேர் பிடித்து, சொட்டுநீரில் வளர்ந்தால் 600 கேலன் பக்கம் வந்து நிற்கும். காய விட்டால் பூஜ்யத்துக்கு அருகில். பிளாஸ்டிக் என்றாலும் பூஜ்யம், ஆனால் அதற்கு வேறு செலவுகள் உண்டு.

இருக்கிற புல்லையே காப்பாற்றுவது

முதல் ஆசை எல்லோருக்கும் இதுதான். முடியுமா என்றால், இரண்டு நாள் விதியில் முடியும். நிமிடமும் எண்ணுகிற விதியில் முடியாது. ஃபெஸ்க்யூவுக்கு ஜூலையில் வாரம் 1.2 அங்குலம் வேண்டும். மண்ணிலிருந்து எழும்பித் தெளிக்கும் பழைய பாப்-அப் ஸ்பிரே மணிக்கு ஒன்றரை அங்குலம் தெளிக்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் கணக்கில் எட்டு நிமிடம் வீதம் இரண்டு நாள் என்றால் வாரத்துக்கு 0.4 அங்குலம்தான் சேரும், தேவையில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே ஃபெஸ்க்யூவைப் பச்சையாக வைத்திருந்தவர் ஒன்று விதியை மீறியிருப்பார், இல்லை நல்ல நிழலில் வைத்திருப்பார்.

நிமிடக் கட்டுப்பாடு இல்லாத ஊரில் நாளுக்கு 0.6 அங்குலம் கொடுக்க வேண்டும், வீணாவதையும் சேர்த்தால் முப்பது நிமிடத்துக்கு மேல். அதை ஒரே மூச்சில் ஓட்டினால் பள்ளத்தாக்கின் களிமண் வாங்காது. ஐந்தாவது நிமிடமே தண்ணீர் நடைபாதையைத் தாண்டிச் சாக்கடை வாய்க்குப் போகும். கடிதத்தில் சொன்ன அபராதம் இதற்குத்தான். அதனால் நான்கைந்து நிமிடம் விட்டு, அரை மணி நேரம் நிறுத்தி, மறுபடி விட வேண்டும். அதிகாலை இரண்டு மணிக்குத் தொடங்கினால் விடிவதற்குள் ஏழு முறை முடிந்துவிடும். புதிய கன்ட்ரோலர்களில் இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. பழையதில் ஆரம்ப நேரங்களை ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும்.

தண்ணீர் எவ்வளவு ஆழம் போயிற்று என்று பார்க்க நீளமான ஸ்க்ரூட்ரைவர் போதும். பாய்ச்சிய மறுநாள் மண்ணில் குத்துங்கள். ஆறு அங்குலம் வழுக்கிக்கொண்டு இறங்கினால் சரி. இரண்டு அங்குலத்தில் நங்கென்று நின்றால் நீங்கள் மேல்மண்ணை மட்டும் நனைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கே எவ்வளவு விழுகிறது என்று பார்க்கக் காலி டூனா டின்களை ஏழெட்டு இடத்தில் வைத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டால் தெரிந்துவிடும். ஒரு டின்னில் தண்ணீர் நன்றாகத் தேங்கியிருக்கும், பக்கத்து டின்னில் அடி மட்டும் நனைந்திருக்கும். ஸ்பிரே தலைகளை மாற்றிச் சுழலும் நாஸில் போட்டால் மணிக்கு 0.4 அங்குலம்தான் விழும். களிமண் அதை நிதானமாகக் குடிக்கும், வழிந்தோடுவது வெகுவாகக் குறையும். கழற்றி மாட்டத் தனி ஆள் வேண்டியதில்லை. புல்லை மூன்று அங்குலத்துக்குக் கீழே வெட்டச் சொல்லாதீர்கள், கோடையில் உரமும் வேண்டாம்.

இத்தனையும் செய்து காப்பாற்றத் தகுந்த துண்டு எது? யாராவது உட்காருகிற, ஓடுகிற, உருளுகிற துண்டு. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "மாடு இல்லாத வீட்ல எதுக்குடா இவ்ளோ புல்லு?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

காய விடுவது

இதற்குக் காசு செலவில்லை, விதியும் மீறவில்லை. பெர்முடா வைத்திருப்பவர்கள் தைரியமாகச் செய்யலாம். அது மண்ணுக்குக் கீழே உயிரை வைத்துக்கொண்டு படுத்துவிடும், தண்ணீர் வந்ததும் எழும். ஃபெஸ்க்யூ அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அரை அங்குலமாவது கொடுத்தால் பெரும்பகுதி பிழைக்கும். ஒன்றுமே கொடுக்காவிட்டால் திட்டுத் திட்டாகச் செத்துப்போகும், அந்த இடத்தில் களை ஏறும்.

அக்கம்பக்கம் என்ன நினைப்பார்கள், எச்.ஓ.ஏ. கடிதம் போடுமே என்பதுதான் பலருக்கு இருக்கும் பயம். வறட்சி அவசரநிலை அறிவிக்கப்பட்டிருக்கும் காலத்தில் தண்ணீரைக் குறைத்ததற்காகவோ நிறுத்தியதற்காகவோ எச்.ஓ.ஏ. அபராதம் போடக் கூடாது என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. மறுசுழற்சி நீர் இணைப்பு உள்ள வீடுகள் மட்டும் விதிவிலக்கு. அப்படிப்பட்ட அவசரநிலைக் காலத்தில் பழுப்புப் புல்லுக்காக நகராட்சியும் தண்டம் விதிக்க முடியாது என்று 2015-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்த வறட்சியில் காய்ந்த புல்லுக்குப் பச்சைச் சாயம் அடித்துக் கொடுக்கிற வியாபாரம்கூட நடந்தது. கௌரவம் அந்த அளவுக்குப் படுத்தியது.

ஒரே ஒரு கோடையைத் தாண்ட வேண்டும் என்றால் இது போதும். ஆனால் காய்ந்த ஃபெஸ்க்யூவை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மறுபடி விதைத்து வளர்ப்பது என்றால், அந்த விதைப்புக்கான தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் புல்

விற்பவர்கள் தண்ணீர் மிச்சத்தை மட்டும் சொல்வார்கள். வெயிலில் அதன் மேற்பரப்பு 65 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஜூலை மத்தியானம் குழந்தை வெறுங்காலோடு இறங்க முடியாது. அதாவது, பிள்ளைகளுக்காகப் போடுகிறோம் என்ற காரணமே அடிபட்டுப் போகிறது. நாய் இருந்தால் வாடை போகக் கழுவ வேண்டும், அதற்கும் தண்ணீர். பத்துப் பதினைந்து வருடத்தில் நைந்துபோனதும் மொத்தமும் குப்பைக் கிடங்குக்குப் போகும். வீட்டுக்காரர்கள் போடுவதை நகரங்கள் தடுக்கக் கூடாது என்றிருந்த நிலையை 2023-ல் மாநிலம் மாற்றிவிட்டது. இப்போது ஒரு நகரம் விரும்பினால் தடை செய்யலாம், மில்பிரே போன்ற ஊர்கள் செய்தும்விட்டன. இந்தச் செலவுக்கு மானியமும் எதிர்பார்க்காதீர்கள். வீட்டுக்குப் பக்கவாட்டில் எதுவும் முளைக்காத நிழல் சந்து ஒன்று இருந்தால் போடுங்கள். முற்றத்துக்கு வேண்டாம்.

மழைத் தொட்டியும் துணி துவைத்த நீரும்

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதலில் தோன்றுவது, கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்கலாமே என்பதுதான். இங்கே அது பெரிதாக உதவாது. வருடத்துக்குப் பதினைந்து அங்குல மழை, அதுவும் ஏறக்குறைய எல்லாமே நவம்பரிலிருந்து ஏப்ரலுக்குள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை 620 கேலன் தரும். கடையில் கிடைக்கும் ஐம்பது கேலன் பீப்பாய் முதல் தூறலிலேயே நிரம்பி, மே மாதத்தில் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். ஜூலைப் புல்லுக்கு அதில் சொட்டு மிஞ்சாது. தொட்டிச் செடிக்கு ஆகும், அவ்வளவுதான். கூரைக் குழாயின் வாயைத் தோட்டத்துப் பக்கம் திருப்பி மழையை மண்ணிலேயே இறங்க விடுவது இதைவிட நல்லது.

துணி துவைக்கும் மெஷினின் நீர் வேறு கதை. அது வருடம் முழுக்க வரும். 2009-ல் மாநில விதி மாறியதிலிருந்து, மெஷினின் சொந்த பம்ப் தள்ளும் நீரை நேரே தோட்டத்துக்குக் கொண்டுபோக, நிபந்தனைகளைப் பின்பற்றினால், பர்மிட் வேண்டாம். தண்ணீரைச் சாக்கடைக்கும் திருப்பிவிட ஒரு வால்வு வேண்டும், நீர் வெளிவரும் இடம் இரண்டு அங்குல மூடாக்குக்குக் (மண்மேல் பரப்பும் மரச்சிராய் போன்றவை) கீழே இருக்க வேண்டும், குழந்தையின் டயபர் துணி அலசிய தண்ணீர் கூடாது. மேலே தெளிக்கக் கூடாது என்பதால் புல்லுக்கு இது ஆகாது. எலுமிச்சை, கொய்யா, மாதுளை வைத்திருப்பவர்களுக்கு அருமையான ஏற்பாடு. போரான் கலந்த சோப்பை மட்டும் மாற்றிவிடுங்கள்.

செடிக்கு மாறுவது

முன்பக்கத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் நேரத்தில்தான் சறுக்குகிறார்கள். கட்டுப்பாட்டுக் கடிதம் ஜூனில் வருகிறது, ஜூலையில் நர்சரிக்கு ஓடுகிறார்கள். வறட்சி தாங்கும் செடி என்று எழுதியிருந்தாலும் நட்ட முதல் கோடையில் அது எந்த வறட்சியையும் தாங்காது. வேர் தொட்டி அளவில்தான் இருக்கும். ஜூலையில் நட்டால் வாரத்துக்கு மூன்று முறை தண்ணீர் கேட்கும், விதியோ இரண்டு நாள் என்கிறது. காலிஃபோர்னியாவின் உள்ளூர்ச் செடிகளுக்கு நடவுக் காலம் முதல் மழையை ஒட்டி, அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. குளிர்கால மழையில் வேர் கீழே போகும். அப்போதுதான் அடுத்த கோடையைச் சமாளிக்கும், இரண்டாம் வருடத்துக்குப் பிறகுதான் அந்த 600 கேலன் கணக்கு உண்மையாகும்.

அதற்காகக் கோடையில் சும்மா இருக்க வேண்டாம். புல்லைக் கொல்லும் வேலையைக் கோடையில் செய்யலாம். ஒட்ட வெட்டிவிட்டு, ஸ்பிரிங்ளர் தலைகளை மூடி, அதன்மேல் அட்டைப் பெட்டிகளை விரித்து ஒரு முறை நனைத்து, மேலே மரத்தூளும் சிராயும் கலந்த மூடாக்கை மூன்று நான்கு அங்குலம் பரப்ப வேண்டும். ஒவ்வோர் அட்டையும் பக்கத்து அட்டைமேல் ஆறு அங்குலமாவது ஏற வேண்டும். இடைவெளி விட்டால் புல் அங்கேதான் தலை நீட்டும். டேப்பை உரித்துவிடுங்கள், வழவழப்பான அட்டை வேண்டாம். மரம் வெட்டும் கம்பெனிகள் பல நேரம் சிராயை இலவசமாகவே கொட்டிவிட்டுப் போகும், ஆனால் வண்டி கொள்ளும் அளவு மொத்தமும் வரும். டிரைவ்வேயில் கார் நிற்க இடம் இருக்காது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது உங்களுக்கு நல்லது. பெர்முடா இருந்தால் மட்டும் இந்த அட்டை வித்தையை நம்பாதீர்கள், அதன் வேர்த்தண்டு கீழேயே ஊர்ந்து ஓரத்தில் வந்து முளைக்கும்.

நவம்பரில் அட்டையைத் துளைத்து நடலாம். உள்ளூர்ச் செடிகளில் சேஜ், சியனோத்தஸ், மன்சனிட்டா, பக்வீட், ஓரத்தில் டீர் கிராஸ். மூடாக்கு போடாத வெறும் மண்ணில் பாப்பி விதையைத் தூவினால் மார்ச்சில் முன்பக்கமே ஆரஞ்சு நிறமாகிவிடும். முதல் வருடம் பார்க்க வெறுமையாகத்தான் இருக்கும். அதைப் பொறுக்க முடியாமல் நெருக்கமாக நட்டவர்கள் நான்காம் வருடம் பாதியை வெட்டி எறிகிறார்கள்.

மானியம் உண்டு. வேலி வாட்டர் 2021-ல் சதுர அடிக்கு 2 டாலர் என்று உயர்த்தியது, வீட்டுக்கு அதிகபட்சம் 3,000 டாலர். தொகை வருடத்துக்கு வருடம் மாறும், அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களே அட்டை போட்டு நட்டால் அது செலவில் பெரும்பகுதியை மூடும். ஆள் வைத்துக் கல்லும் பாதையும் போட்டால் ஒரு மூலைக்குத்தான் காணும். புல்லைத் தொடும் முன்பே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அட்டை விரித்த பிறகு விண்ணப்பித்தால் கிடைக்காது.

பின்பக்க விளையாட்டுத் துண்டையும் மாற்ற நினைப்பவர்கள், டேவிஸ் மற்றும் ரிவர்சைட் பல்கலைக்கழக வளாகங்களில் உருவாக்கப்பட்ட யூ.சி. வெர்டே என்ற எருமைப்புல் வகையைப் பார்க்கலாம். கோடையில் பச்சை, தண்ணீர் குறைவு, குளிர்காலத்தில் பழுப்பு. நிழலில் வராது. பிள்ளைகள் தினமும் பந்து உதைக்கிற இடம் என்றால் பெர்முடாதான் தாங்கும்.

மரம்

புல்தரை நடுவே நிற்கிற மரம் இத்தனை வருடமும் புல்லுக்கு விட்ட தண்ணீரைத்தான் குடித்து வளர்ந்திருக்கிறது. 2015-ல் புல்லுக்கு நிறுத்திய வீடுகளில் பிர்ச்சும் ரெட்வுட்டும் வாடியது இதனால்தான். புல் போனால் ஒரே பருவத்தில் திரும்ப வரும், முப்பது வருட மரம் வராது. எனவே முன்பக்க வால்வை மூடும் அன்றே மரத்துக்குத் தனி ஏற்பாடு செய்துவிட வேண்டும். தண்டின் அடியில் ஊற்றிப் பயனில்லை. கிளைகளின் விளிம்புக்கு நேர் கீழே வட்டமாக ஒரு கசிவுக் குழாயைப் போட்டு, தண்டின் விட்டம் ஓர் அங்குலத்துக்குப் பத்து கேலன் என்ற கணக்கில், மாதம் இரண்டு முறை மெதுவாக விட்டால் போதும். மூடாக்கைத் தண்டோடு ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளியே நிறுத்துங்கள். கடிதத்தில் மரத்துக்கும் சொட்டுநீருக்கும் தனி விதி இருக்கிறதா என்று பாருங்கள், பல ஊர்களில் இருக்கும்.